திருப்பி வெட்டிய தகடு

எரிந்துபோன ஜீப்பின் முன்பக்கத்துக்குள் தலையை நுழைத்த சர்வேயரம்மா வெளியே வருகிற வழியாகத் தெரியவில்லை. கரி அப்பிய இரண்டு முழங்கைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"உள்ளே சீட் கிடைச்சிடுச்சா மேடம்? டிக்கெட் கிழிச்சிடட்டுமா?" என்று கேட்டார் கண்டக்டர்.

ஸ்டேஷன் பின்புறத்து வெயிலில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் மட்டும் திரும்பி முறைத்தார். கண்டக்டர் அசரவில்லை. பஸ்ஸில் இருபது வருஷம் முறைப்பு வாங்கியே வயிறு வளர்த்த ஆள் அவர். வேலை போனபின் சர்வேயரம்மாவிடம் உதவியாளராகச் சேர்ந்தும், தோளில் தொங்கும் தோல் பையையும் கழுத்தில் கிடக்கும் விசிலையும் கழற்ற மனசு வரவில்லை.

சர்வேயரம்மா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவர். நசுங்கின வண்டி எப்படி நசுங்கியது என்பதைப் பார்த்தே ஓட்டினவன் குணத்தைச் சொல்வார். அதை மேலதிகாரியின் வண்டியைப் பார்த்தும் சொல்லித் தொலைத்ததால் இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

இந்த ஜீப் ஊரறிந்த பல் டாக்டருடையது. இந்த வாரத் தொடக்கத்தில் சாலை வளைவில் போய்க்கொண்டிருந்தபோதே பானெட்டுக்குள் தீப்பிடித்து, டாக்டரை வெளியே இழுப்பதற்குள் பாதி உடம்பு வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நினைவில்லாமல் கிடக்கிறார். தீக்குக் காரணம் பட்டறையில் கையால் அடித்த ஒரு தகடு என்று போலீஸ் சொல்கிறது. அடித்த டிங்கரோ, மறுப்பதற்குப் பதிலாக, "என் தப்புதான் சார்" என்று தானே வந்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் நேராகக் கோர்ட், அங்கிருந்து ஜெயில். டாக்டர் பிழைக்காவிட்டால் அந்த ஆள் வெளியே வரும்போது தலை நரைத்திருக்கும். காலையில் டிங்கரின் மனைவி வந்து அழுத அழுகையில் சர்வேயரம்மா ஆறிப்போன காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"இன்ஸ்பெக்டர், இந்தத் தகட்டோட வேலை என்ன?" உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"புகைக்குழாய்ச் சூடு பெட்ரோல் டியூப்புல படாம நடுவுல மறைச்சு நிக்கணும். பழசு துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு. இந்த மாடலை கம்பெனி செய்யறதையே நிறுத்திட்டதால சாமான் கடையில கிடைக்காது. அதான் டாக்டர் பட்டறையில சொல்லிச் செஞ்சு, தானே மாட்டிக்கிட்டார் போல. காக்க வேண்டிய தகடே டியூப்பை அறுத்துடுச்சு. பெட்ரோல் சூட்டுல சொட்டிப் பத்திக்கிச்சு."

"இந்தப் பெரிய ஹாரன்?"

"லாரி ஹாரன். டாக்டர் ஆசைப்பட்டுப் பொருத்தினது."

"பல் டாக்டருக்கு எதுக்கு லாரி ஹாரன்?" என்றார் கண்டக்டர். "உள்ளே பேஷண்ட் கத்தறது வெளியே கேக்காம இருக்கறதுக்கா?"

சர்வேயரம்மா தலையை வெளியே எடுத்தார். நெற்றி முழுக்கக் கரி. "இதைப் பாருங்க. தகட்டுல ஒரு ஓரத்துல மட்டும் அரைவட்டமா வெட்டியிருக்கு. எதுக்கு? ஹாரன் இடிக்காம இருக்க. ஆனா ஹாரன் இருக்கறது இடப்பக்கம். அரைவட்டம் இருக்கறது வலப்பக்கம், பெட்ரோல் டியூப் பக்கம். அரத்தால ராவாத அந்தக் கூர்முனைதான் டியூப்பை அறுத்திருக்கு. இடப்பக்கம் ஹாரன் இடிச்சதால சுத்தியால அடிச்சு நெளிச்சு உக்கார வெச்சிருக்காங்க."

"அப்படின்னா?"

சர்வேயரம்மா தன் இரண்டு செருப்பையும் கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். "இதான். அட்டையில அளவு எடுத்துத் தகட்டு மேல வெச்சு வரையும்போது அட்டையைக் குப்புறப் போட்டிருக்கார். தட்டையா இருக்கற வரைக்கும் கவலையில்லை, திருப்பிக்கலாம். ஓரத்தை மடிச்சப்புறம் திருப்ப முடியாது. வலது கால் செருப்பு இடது கால் செருப்பாயிடும்."

இன்ஸ்பெக்டர் கைதட்டாத குறை. "அட, டிங்கர் சொல்றதும் இதேதாங்க! திருப்பி வெட்டிட்டேன், கவனிக்காம அதையே குடுத்துட்டேன்கறார். எனக்கு இது புரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க செருப்பை வெச்சு விளக்கிட்டீங்க. ரொம்ப நன்றி மேடம்."

தெருவுக்கு வந்ததும் கண்டக்டர் வெடித்தார். "நாம டிங்கரைக் காப்பாத்த வந்தோமா, உள்ளே தள்ள வந்தோமா? அந்தம்மா அழுத அழுகைக்கு இன்ஸ்பெக்டருக்கு டியூஷன் எடுத்துட்டு வர்றீங்களே!"

"கண்டக்டர், நீங்க அந்த டாக்டர்கிட்ட பல்லுக்குப் போயிருக்கீங்கல்ல?"

"கடைவாய்ப் பல்லுக்கு உலோகத் தொப்பி போட்டுக்கிட்டேன். ஏன் கேக்கறீங்க, அன்னிக்கு உயிரை எடுத்துட்டார். நீலக் காகிதத்தை வாயில வெச்சு 'கடிங்க'ன்னார். கடிச்சேன். எடுத்து ராவினார். 'இப்போ கடிங்க'ன்னார். கடிச்சேன். மறுபடியும் ராவினார். காகிதத்தைத் தின்னே மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுபோச்சு."

"ஏன் அத்தனை தடவை?"

"ஒரு மயிரிழை உயரம் இருந்தாக்கூடப் பொருந்தலைன்னு அர்த்தமாம்..." கண்டக்டரின் வாய் பாதியில் நின்றது.

"அந்த மனுஷன் தன் சொந்த ஜீப்புல பொருந்தாத தகட்டைச் சுத்தியால அடிச்சு உக்கார வெப்பாரா?"

கண்டக்டர் சட்டென்று ஸ்டேஷன் பக்கம் திரும்பினார். "அப்போ மாட்டினது வேற ஆள்!"

"அதை வெச்சு இன்ஸ்பெக்டரை அசைக்க முடியாது. நடங்க, பட்டறைக்கு. பொழுது சாயறதுக்குள்ள வேற ஏதாவது வேணும்."

* * *

பட்டறை என்றால் முன்னால் கொட்டகை, பின்னால் குடியிருக்கும் அறை. மேஜைமேல் மரச்சுத்தி, தகரக் கத்தரி, விதவிதமாய் அரங்கள். மூலையில் கழிவுத் தகரக் குவியல். டிங்கரின் மனைவி கதவோரம் நின்றாள். கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"தகடு செஞ்சப்போ நீங்க இங்கே இருந்தீங்களா?" சர்வேயரம்மா கேட்டார்.

"இருந்தேங்க. இவர் யார்கூடவோ போன்ல பேசிக்கிட்டே வரைஞ்சார். அட்டையில விசிறிப் படம் மேல தெரியணும், அன்னிக்குக் குப்புறப் போட்டுட்டார். மடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. தலையில அடிச்சுக்கிட்டு அதை மூலையில வீசிட்டு வேற ஒண்ணு செஞ்சார். அது நல்லா வந்துது. அந்த அரைவட்டத்தை மட்டும் ஒரு பொழுது முழுக்க ராவினார், கை பட்டாக்கூடக் கிழிக்கக் கூடாதுன்னு."

அவள் காட்டிய ஆணியில் அட்டை தொங்கியது. மின்விசிறி வந்த பெட்டியிலிருந்து வெட்டினது. ஒரு பக்கம் விசிறிப் படம், மறுபக்கம் வெறும் பழுப்பு.

"டாக்டர் வீட்டுக்கு யார் குடுத்தாங்க?"

"இவர்தான்." பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

கண்டக்டருக்கு அந்த வேகம் பழக்கமானது. டிக்கெட் எடுக்காதவன் 'எடுத்துட்டேன்' என்று சொல்கிற வேகம். "ஏம்மா," என்றார் மெதுவாக, "உன் வீட்டுக்காரர் எதை மறைக்கிறார்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாம எப்படிக் காப்பாத்தறது?"

அவ்வளவுதான். கதவைப் பிடித்தபடியே அவள் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் குடுத்ததுங்க! இவர் வெளியே போயிருந்தார். டாக்டரோட தங்கச்சி வீட்டுக்காரர், டயர்க்கடை வெச்சிருக்காரே, அவர் வந்து வாங்கிட்டுப் போறேன்னார். சுத்திக் குடுக்கச் சாக்கு எடுக்க உள்ளே போனேன். வந்து பார்த்தா அவரே கயிறு போட்டுக் கட்டி முடிச்சிட்டார். எதைக் கட்டினார்னு நான் பார்க்கலை. தெரியாம மூலையில கிடந்ததை எடுத்துட்டார் போல. ஒரு நிமிஷம் பார்த்திருந்தா அந்த டாக்டர் நல்லா இருந்திருப்பார். தீப்பிடிச்ச சேதி வந்ததும் இவர் என் மூஞ்சியைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேக்கலை. சட்டையை மாட்டிக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயி, என் தப்புன்னு சொல்லிட்டார்."

பெண்டாட்டி செய்த தப்பை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற ஆண்களைத்தான் கண்டக்டர் பஸ்ஸில் தினமும் பார்த்திருக்கிறார். ஒருத்தன் வாயைத் திறக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறான்.

"கண்டக்டர், அந்தக் குவியலைக் கிளறுங்க. ஒவ்வொரு துண்டா."

அவர் கிளறினார். டப்பா மூடி, கதவுத் தகடு, நீளநீளமான வெட்டுத் துண்டுகள். மேஜைக்கடியில் பார்த்தார், பரணில் பார்த்தார். டிங்கரின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடினாள். "அந்தத் தகடு செஞ்சதுலேர்ந்து கழிவு எதையும் எடைக்குப் போடலீங்க, எல்லாம் இங்கேதான் இருக்கு" என்றாள்.

"ஒண்ணும் இல்லை மேடம்," என்றார் கண்டக்டர், கைத்தூசியைத் தட்டியபடி. "வெறுங்கை."

சர்வேயரம்மாவின் கண்ணில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம். "வெறுங்கைதான் நமக்கு வேணும். யோசிங்க. டயர்க்காரர் தெரியாம தப்பான தகட்டை எடுத்துட்டுப் போயிருந்தா, சரியான தகடு எங்கே இருக்கணும்?"

"இங்கே..." கண்டக்டர் மேஜையைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்தார். "இங்கேதானே இருக்கணும்!"

"இல்லையே. அப்போ ரெண்டும் போயிருக்கு. ஒண்ணு வாங்க வந்தவர் ரெண்டை ஏன் கட்டிக்கிட்டுப் போனார்?"

டிங்கரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சர்வேயரம்மா ஆணியிலிருந்த அட்டையை எடுத்து, "இது கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கட்டும்மா" என்றார்.

தெருவில் நடக்கும்போது கண்டக்டர் மூச்சிரைத்தார். "சரியான தகட்டை இந்நேரம் ஏதாவது குளத்துல வீசியிருப்பான் மேடம். கொலை பண்ண நினைச்சவன் சாட்சியை வெச்சுக்கிட்டா இருப்பான்?"

"கொலைகாரன் வீசிடுவான்தான். ஆனா அவர்கிட்டேயும் இதே மாடல் பழைய ஜீப் ஒண்ணு இருக்கு. மச்சான் மாப்பிள்ளை ரெண்டு பேரும் ஒரே சமயத்துல வாங்கினது, ஊருக்கே தெரியும். பழைய வண்டி வெச்சிருக்கறவனை உங்களுக்குத் தெரியாது. பிஞ்ச வாஷரைக்கூட டப்பாவுல போட்டு வெப்பான். எங்கே தேடியும் கிடைக்காத சாமான், புத்தம்புதுசா, அச்சு அசலா கையில இருக்கு. அதைக் குளத்துல வீச அவனுக்குக் கை வராது."

* * *

டயர்க்கடையின் முன்னால் ஒரு லாரி சக்கரம் கழற்றி நின்றது. வேலைக்காரர்கள் அதில் மும்முரமாக இருந்தார்கள். பின்பக்கக் கொட்டகையில் டயர்க்காரர் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான ஆள். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"மச்சான் வண்டியோட இன்ஷூரன்ஸ் விஷயமா வந்தோம்," என்றார் சர்வேயரம்மா. பழைய கம்பெனி அடையாள அட்டையை அவர் காட்டிய வேகத்தில் அதில் எந்த வருஷம் போட்டிருக்கிறது என்று எமனாலும் படித்திருக்க முடியாது.

"சீக்கிரம் கேளுங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கிட்டிருக்கேன். என் பெண்டாட்டி அங்கேயே கிடக்கறா, வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

"அவங்க அண்ணன் வீட்லதானே இருந்தாங்க, கொஞ்ச காலமா?"

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். மச்சான் நடுவுல புகுந்து வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு கிளப்பிவிட்டார். அன்னிக்கும் அதுக்குத்தான் கிளம்பினாங்க. இவளுக்குக் காய்ச்சல்னு கடைசி நேரத்துல வண்டியில ஏறலை. நல்ல வேளை. இனிமே அவளுக்கு என்னை விட்டா யாரு?"

கண்டக்டர் அந்த முகத்தைப் பார்த்தார். 'நல்ல வேளை' என்று சொன்னவன் முகத்தில் நிம்மதி துளிக்கூட இல்லை. பயம் வந்தால் அவருக்கு வாய் கூடும்.

"அண்ணே, இதை இன்னும் ஓட்டறீங்களா? இந்த வண்டிக்கெல்லாம் சாமான் கிடைக்காது, காயலான் கடைக்குத்தான் லாயக்குன்னு சொல்றாங்களே!"

டயர்க்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எவன் சொன்னது? வந்து பார். ஒரு இடத்துல எண்ணெய் கசியுதா பார். கிடைக்காததை நானே செஞ்சுக்குவேன்."

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். புகைக்குழாய்க்கும் பெட்ரோல் டியூப்புக்கும் நடுவே பளபளவென்று ஒரு புதுத் தகடு நின்றது.

"இதுகூடவா?" என்றார் சர்வேயரம்மா, குரலில் வியப்பைக் குழைத்து. "கடையில வாங்கினதுன்னு நினைச்சேன்."

"நானே வெட்டினது. அட்டையில அளவு எடுத்து, தகட்டுல வரைஞ்சு, மடிச்சு... பொறுமை வேணும்."

"ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கு." சர்வேயரம்மா பானெட்டுக்கடியில் நன்றாகக் குனிந்து கையை உள்ளே விட்டார். "ஒரு சந்தேகம். இடப்பக்கம் இந்த அரைவட்டம் எதுக்கு வெட்டினீங்க?"

டயர்க்காரர் தண்ணீர்க் கேனை ரேடியேட்டர் ஓரத்தில் வைத்தார்.

அந்த அரைவட்டத்துக்கு முன்னால் எதுவுமே இல்லை. குழாய் இல்லை, கம்பி இல்லை, போல்ட் இல்லை. வெறும் காற்றுக்கு வழிவிட்டு அத்தனை அழகாக வளைந்திருந்தது.

"அது... காத்து போறதுக்கு."

"உங்க மச்சான் ஜீப்புல இதே இடத்துல ஒரு லாரி ஹாரன் இருக்கு. உங்க ஜீப்புல ஹாரன் முன்பக்கம் கிரில்லுக்குள்ள. இல்லாத ஹாரனுக்கு ஒரு பொழுது முழுக்க யார் உக்காந்து ராவுவாங்க?" சர்வேயரம்மா தன் பைக்குள்ளிருந்த அட்டையை எடுத்து, விசிறிப் படம் மேலே தெரியும்படி தகட்டின்மேல் வைத்தார். ஓரத்துக்கு ஓரம், வளைவுக்கு வளைவு, அட்டை போய் ஒட்டிக்கொண்டது. நீலக் காகிதம் வைத்துக் கடிக்கச் சொன்னாலும் குறை சொல்ல முடியாது.

டயர்க்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. "அட்டையை வெச்சு என்ன பண்ணுவீங்கம்மா? நான் இதைக் கழட்டி உருக்கிட்டா?" சொல்லிக்கொண்டே அவர் கை பானெட்டைத் தாங்கி நின்ற கம்பிமேல் போய் உட்கார்ந்தது.

சர்வேயரம்மாவின் தலையும் இரண்டு கையும் பானெட்டுக்கடியில். பழைய காலத்து இரும்பு. ஒரு ஆள் தூக்கவே மூச்சு வாங்குகிற கனம்.

"கண்டக்டர்," என்றார் சர்வேயரம்மா, அசையாமல், மிக மெதுவாக.

கண்டக்டர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடியிருப்பார். இருபது வருஷப் பழக்கம் கையை விசிலுக்குக் கொண்டுபோனது. மூச்சு முழுவதையும் திரட்டி ஒரே ஒரு விசில், வண்டி நிறுத்துகிற விசில். தகரக் கொட்டகைக்குள் அது காதைப் பிளந்தது. டயர்க்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார், கம்பி நழுவியது, பானெட் இறங்கியது. அதற்குள் தோளிலிருந்த தோல் பையை உருவி ஓரத்தில் திணித்துவிட்டார் கண்டக்டர். பைக்குள் இருந்த பழைய டிக்கெட் பஞ்ச் மேல் இடித்து, பானெட் ஒரு சாண் இடைவெளியோடு நின்றது. சர்வேயரம்மா தலையை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். காதோரம் லேசாகச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

முன்பக்கத்திலிருந்து லாரி டிரைவரும் வேலைக்காரர்களும் ஓடி வந்தார்கள். "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை," என்றார் சர்வேயரம்மா. "டிரைவர் தம்பி, ஸ்பானர் இருக்கா? இத்தனை பேர் பார்க்க இந்தத் தகட்டைக் கழட்டிக் குடுங்க. கண்டக்டர், இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க. அப்படியே, ஆஸ்பத்திரியில இருக்கற தங்கச்சியை யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லச் சொல்லுங்க. அந்த ஜீப்புல எரிஞ்சுபோயிருக்க வேண்டியது அவங்க. கூட இருக்கற அண்ணனும் சேர்ந்தே சாகட்டும்னு செஞ்ச வேலை."

டயர்க்காரர் வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு லாரி டிரைவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் அப்போதுதான் முதல் கறை விழுந்திருந்தது, கவிழ்ந்த ரேடியேட்டர் தண்ணீர்.

* * *

ஸ்டேஷனில் டிங்கர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாக்குமூலம், கையில் பேனா. கண்டக்டர் உள்ளே ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"ஓய், இறங்க வேண்டிய இடம் இதில்லை. பேனாவைக் கீழே வையும்."

டயர்க்காரரை அடைத்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர், மேஜைமேல் இரண்டு தகடுகளையும் வைத்தார். ஒன்று கரி, ஒன்று பளபளப்பு. அட்டையை விசிறிப் படம் மேலாக வைத்தார், புதுசுக்குப் பொருந்தியது. குப்புறப் போட்டார், எரிந்ததற்குப் பொருந்தியது, சுத்தியால் நெளித்த ஓரம் நீங்கலாக. நம்பாதவர் போல மறுபடியும் அதையே செய்து பார்த்தார். பிறகு வாக்குமூலத் தாளை எடுத்து நாலாக மடித்துக் கிழித்தார்.

"தெரியாம எடுத்துட்டுப் போன தகடில்லை அது," என்றார் சர்வேயரம்மா, டிங்கரிடம். "ரெண்டையும் பார்த்து, டியூப்பை எது அறுக்கும்னு தெரிஞ்சு எடுத்தது. எதை மாட்டணும், எதை வெச்சுக்கணும்னு உங்க கொட்டகையில நின்னே முடிவு பண்ணிட்டார். உங்க வீட்டம்மா சாக்கு எடுக்கப் போகாம இருந்திருந்தாலும், வேற ஒரு நிமிஷம் பார்த்து எடுத்திருப்பார்."

டிங்கர் புதுத் தகட்டை எடுத்தார். அரைவட்டத்தின் ஓரத்தில் கட்டை விரலை மெதுவாக ஓட்டினார். விரல் எங்கேயும் மாட்டவில்லை. வாசலில் நின்றிருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ குடுக்கலைம்மா," என்றார்.

அவள் ஓடி வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். இன்னொரு கை அந்தத் தகட்டை விடவில்லை. கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணில் ஏதோ தூசி விழுந்துவிட்டதாகப் பாசாங்கு செய்தார்.

"டாக்டர்?" என்று கேட்டார் டிங்கர்.

"இன்னும் அப்படியேதான் இருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர். "தங்கச்சி பக்கத்துல இருக்காங்க. இப்போ வாசல்ல எங்க ஆளும் இருக்கான்."

டிங்கர் தலையாட்டினார். எழுந்து, மேஜைமேல் கிடந்த கரித் தகட்டை நெருங்கினார். தொடவில்லை.

"சார், இதை எனக்குக் குடுப்பீங்களா?"

"கேஸ் சாமானாச்சே, குடுக்க முடியாது. எதுக்கு உங்களுக்கு?"

"கத்தரியால துண்டு துண்டா வெட்டிப் போடணும். திருப்பி வெட்டினேன்னு தெரிஞ்ச அன்னிக்கே அதைச் செஞ்சிருக்கணும். முழுசா மூலையில வீசினேன். வீசினாப் போயிடும்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் அந்தத் தகட்டைத் துணிப்பையில் போட்டுக் கட்டினார்.

"அப்போ கேஸ் முடியற வரைக்கும் பூட்டி வைங்க சார்," என்றார் டிங்கர். "யார் கைக்கும் போயிடக் கூடாது. முடிஞ்சதும் சொல்லுங்க, கத்தரியோட நானே வர்றேன்."